மாலை போட்டால் நிறுத்த முடிகிறதே, அப்புறம் ஏன் முடிவதில்லை?

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வருபவர்களில் பலர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வருவார்கள். புகைக்கிறீர்களா என்று கேட்டால், "இப்ப இல்லீங்க டாக்டர், மாலை போட்டிருக்கேன்" என்பார்கள். இருபது வருஷமாகத் தினமும் இரண்டு கட்டு பீடி குடித்தவர்கூட அந்த 41 நாளும் தொடமாட்டார். தை பிறந்து, அதே ஆள் அதே இருமலோடு வரும்போது சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்கும்.

போன வருஷம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "எனக்கு மனஉறுதி கிடையாது சார். சாமிக்குப் பயந்து நிறுத்துறேன், மாலையைக் கழட்டுனதும் ஆரம்பிச்சிடுறேன்" என்றார். ஒன்பது வருஷம் மலைக்குப் போனவர். அதாவது ஒன்பது முறை, ஒவ்வொரு முறையும் 41 நாள், புகை இல்லாமல் இருந்தவர். அவருக்கா மனஉறுதி இல்லை?

அந்த நாற்பத்தொரு நாளில் என்னவெல்லாம் மாறுகிறது என்று கேட்டேன். காலையில் நாலரைக்கே எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல். வீட்டில் மனைவி முதல் பக்கத்துக் கடைக்காரர் வரை எல்லோரும் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூட வரும் கிளீனர் பீடி பற்ற வைக்க வேண்டுமென்றால் வண்டியை விட்டு இறங்கிப் போகிறார். டீக்கடையில் யாரும் "ஒரு தம் போடுறியா" என்று நீட்டுவதில்லை. சாயங்காலமானால் பஜனை. குருசாமி இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது விசாரிக்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவர் சற்று நிறுத்தி, "ஊரே என்னைப் பாத்துக்குது சார்" என்றார்.

இத்தனை வருஷ அனுபவத்தில் நான் புரிந்துகொண்டதும் அதைத்தான். புகையை விடுபவருக்கு முதல் சில வாரம் சுற்றி நாலு பேர் வேண்டும். எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயல்பவர்களில் ஒரு வருஷம் தாக்குப் பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மற்றவர்கள் எல்லாம் மனதில் பலமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. புகையிலையில் இருக்கும் நிக்கோட்டினின் பிடி அப்படி.

அந்தப் பிடி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். ஒரு இழுப்பில் உள்ளே போகும் நிக்கோட்டின் பத்து இருபது நொடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் மூளை மறுபடி மறுபடி கேட்கிறது. ராத்திரி தூங்கி எழும்போது கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். புகைப்பவர் யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் பீடி?" ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் பிடி பலமானது. அவருக்கு வெறும் அறிவுரை போதாது, மருந்தும் வேண்டியிருக்கும்.

விட்ட பிறகு இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை, பசி, மலச்சிக்கல். சிலருக்கு வாய்ப்புண் வரும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இருமலும் சளியும் கொஞ்ச நாள் கூடலாம். நுரையீரல் குழாய்களில் இருக்கும் நுண்ணிய முடிகள் புகையால் செயலிழந்து கிடந்தன. அவை மறுபடி வேலை செய்யத் தொடங்கி அழுக்கை வெளியே தள்ளுகின்றன. இது தெரியாமல், "விட்டதும்தான் டாக்டர் இருமல் வந்துச்சு, அதான் திரும்பக் குடிச்சேன்" என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனது வலிக்கும். ஆனால் சளியில் இரத்தம் வந்தாலோ, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ கட்டாயம் வந்து காட்ட வேண்டும்.

டீ விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், பலருக்கு இது தெரியாது. புகையிலைப் புகை, டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது, கஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. வழக்கமான ஆறு டீயையே குடித்தாலும் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். அதைப் புகை விட்டதால் வரும் கஷ்டம் என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைத்துவிடுவார்கள். அதனால் டீயைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறேன். டீயும் தம்மும் சேர்ந்தே பழகியவை என்பதால், முதல் இரண்டு வாரம் அந்தப் பழைய கடையையே தவிர்ப்பது இன்னும் நல்லது. மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே கதைதான். புகையை விட்டதும் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏக்கம் ஒவ்வொரு முறை வரும்போதும் மூன்று முதல் ஐந்து நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கடத்துவதுதான் வேலை. ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாகக் குடிக்கலாம், ஏலக்காயோ கிராம்போ வாயில் போடலாம், எழுந்து நடக்கலாம். என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்வது யாருக்காவது போன் போடுவது. அந்த ஓட்டுநர் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்: மனைவி, கிளீனர், குருசாமி. "எப்ப வேணா கூப்பிடுவேன், அஞ்சு நிமிஷம் ஏதாவது பேசுங்க, புத்தி மட்டும் சொல்லாதீங்க" என்று அவர்களிடம் முன்பே சொல்லி வைத்தார். நள்ளிரவில் சுங்கச்சாவடி ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுக் குருசாமியை எழுப்பியிருக்கிறார். அவரும் எழுந்து பேசியிருக்கிறார்.

அவருக்கு நிக்கோட்டின் சூயிங்கமும் கொடுத்தேன். அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, பழச்சாறு கூடாது. தோலில் ஒட்டும் பேட்ச் உண்டு, புப்ரோபியான், வரனிக்ளின் மாத்திரைகளும் உண்டு. யாருக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். வலிப்பு நோய் இருந்தவர்களுக்குப் புப்ரோபியான் கொடுக்கமாட்டோம். பீடிக்குப் பதிலாக உதட்டுக்குள் புகையிலை அடக்குவது எந்த விதத்திலும் விட்டதாகாது, நேரே வாய்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரம் அவர் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். "இதுக்கு நீங்க குடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வாக்கியம் போதும் அவருக்கு. சட்டையை மோந்து பார்க்காதீர்கள். "இன்னியோட நாலு நாள் ஆச்சு" என்று எண்ணிச் சொல்லுங்கள். மாலை போட்டிருந்தபோது எவ்வளவு மரியாதையோடு பார்த்துக்கொண்டீர்களோ, அதில் பாதி போதும்.

சரி, 41 நாள் விட்டவர் ஏன் திரும்பத் தொடங்குகிறார்? 41 நாள் என்றால் ஏறக்குறைய ஆறு வாரம். உடம்பின் பெரிய போராட்டம் அதற்குள் முடிந்திருக்கும். மலையிறங்கும்போது மறுபடி பற்ற வைக்க உடம்பு அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. மாலை கழற்றும் நாளை மனது முதல் நாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கிறது. அதுவரைதான் தடை, அதன்பின் அனுமதி. ஊரும் அன்றோடு "சாமி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறது, கிளீனர் பழையபடி வண்டிக்குள்ளேயே பற்ற வைக்கிறார். ரம்ஜான் நோன்பில் பகல் முழுக்கத் தொடாதவர்கள் மாலையில் நோன்பு திறந்ததும் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் விரதம் இருக்கும்போதே என்னிடம் வரச் சொல்கிறேன். கடினமான பகுதியை அவர்கள் ஏற்கெனவே கடந்திருக்கிறார்கள், அதை வீணாக்கக் கூடாது. அந்த ஓட்டுநரைப் போல மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, மாலை கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே அவர்களிடம் பேசி, இன்னும் மூன்று மாதம் இப்படியே இருங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

விரதத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஒருமுறை தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. அந்த ஓட்டுநர் பிப்ரவரி மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டார். மறுநாள் போன் செய்து, "எல்லாம் போச்சு சார்" என்றார். எத்தனை பிடித்தீர்கள் என்று கேட்டேன். ஒன்று. அப்படியானால் எழுபது எண்பது நாளில் ஒன்று, பழைய கணக்கில் ஆயிரத்துக்கு மேல் வந்திருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கல்யாண வீட்டுக்கு இனிமேல் மனைவியோடுதான் போவேன் என்றார். இப்போது மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்பதில்லை.

மருத்துவரைப் பார்க்க நேரமில்லை என்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுவிப்பு எண் இருக்கிறது, கட்டணமில்லை. சிகரெட் பெட்டியிலேயே 2018இலிருந்து அச்சாகிறது. தென்னிந்திய மொழிகளுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து பேசுகிறார்கள், தமிழிலேயே பேசலாம். 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வழியாகவும் உதவி கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் புகையிலை விடுவிப்பு மையம் எங்கே என்று கேளுங்கள். வரும்போது தனியாக வராமல், அந்த மூன்று பேரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.