எஞ்சினின் வயதும் கட்டடத்தின் வயதும் ஒன்றல்ல

இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள பழைய சுரங்கக் கட்டடங்களை அளந்து பதிவு செய்வது என் வேலை. போன வாரம் மீண்டும் ஓர் ஆய்வுக் கட்டுரை பார்வைக்கு வந்தது. "ராபின்சன் ஷாஃப்ட் எஞ்சின் கட்டடம், கட்டிய ஆண்டு 1854." (ஷாஃப்ட் என்றால் சுரங்கக் கிணறு.) எப்படித் தெரியும் என்று எழுதியவரைக் கேட்டேன். எஞ்சின் அந்த வருஷம் செய்ததாச்சே என்றார். இதை எத்தனை தடவைதான் திருத்துவது!

சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க நீராவியில் ஓடிய அந்த 80 அங்குல பீம் எஞ்சின் (80 என்பது சிலிண்டரின் விட்டம், பீமின் நீளமல்ல) 1854இல் செய்ததுதான். ஆனால் முதலில் தண்ணீர் இறைத்தது ஆல்ஃபிரட் கன்சோல்ஸ் சுரங்கத்தில். அப்புறம் வீல் ஏப்ரஹாம், பிறகு ட்ரெகர்தா டவுன்ஸ். சவுத் குரோஃப்டி சுரங்கத்தின் ராபின்சன் ஷாஃப்டில் ஓடத் தொடங்கியது 1903இல். ஈஸ்ட் பூல் சுரங்கத்தில் நிற்கும் 90 அங்குல எஞ்சினும் அப்படித்தான்: 1892இல் கார்ன் பிரேயா சுரங்கத்துக்காகச் செய்து, 1924இல் இங்கே கொண்டுவந்தார்கள். ஏற்றத்தின் துலா போல ஏறி இறங்கும் அதன் பீம் மட்டுமே 52 டன். இவ்வளவு கனத்தை யார் நகர்த்துவார்கள் என்று நினைக்காதீர்கள். நகர்த்தினார்கள். சுரங்கம் நொடித்தால் எஞ்சினை விற்பார்கள், வாங்கியவர் பாகம் பாகமாகக் கழற்றிக்கொண்டு போவார். கட்டடம் அங்கேயே நிற்கும், வேறொரு எஞ்சின்கூட அதற்குள் வரும். ஆகவே செய்த ஆண்டு, நிறுவிய ஆண்டு, கட்டடம் எழும்பிய ஆண்டு மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

எந்தச் சுரங்கத்து எஞ்சின் எவ்வளவு வேலை செய்தது என்று 1811 முதல் லீன் குடும்பம் மாதாமாதம் வெளியிட்ட எஞ்சின் அறிக்கையைப் புரட்டுங்கள். எல்லாச் சுரங்கமும் அதில் சேரவில்லை, அதனால் பெயர் இல்லையென்றால் எஞ்சினே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பழைய செய்தித்தாள்களின் விற்பனை அறிவிப்புகளையும் பாருங்கள். ரெட்ரூத்தில் இருக்கும் கிரெசன் கெர்னோ ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாளாவது போங்கள்.

இன்னொன்று, இது கெஞ்சிக் கேட்பது. டேப்பை எடுத்துக்கொண்டு இடிந்த கட்டடத்துக்குள் நுழையாதீர்கள். இறைக்கும் எஞ்சினில் பீமைத் தாங்கும் தடித்த சுவருக்கு நேர் முன்னால்தான் சுரங்கக் கிணறு இருக்கும். ஒருமுறை அங்கே புல் மூடிய தரையில் கைத்தடியை ஊன்றினேன், பாதி உள்ளே போய்விட்டது. அடியில் உளுத்துப்போன பலகை, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வரைபடத்தில் கிணறே இல்லையே என்று வாதாடாதீர்கள். கைவிடும் சுரங்கத்தின் வரைபடத்தை ஒப்படைக்கச் சொன்ன சட்டமே 1872இல்தான் வந்தது. சுவரின் அளவு வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள், எங்களிடம் இருந்தால் அனுப்பிவிடுகிறோம்.