ஆயில் குறையாத கார்

"மாமா, வாங்கி எட்டு மாசம் ஆச்சு. ஒரு சொட்டு ஆயில் குறையல பாத்தீங்களா? ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்" என்று என் மச்சான் சொன்னபோது நானும் தலையாட்டினேன். 2020 கடைசியில் பதிவான ஜெர்மன் டீசல் செடான், 62 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. புதிதில் 50 லட்சத்தைத் தொட்ட வண்டி, இவனுக்கு 22 லட்சத்துக்குக் கிடைத்துவிட்டது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு, நேரு வீதியில் கடை. காலையில் கடைக்கு, மதியம் சாப்பிட வீட்டுக்கு, மறுபடி கடைக்கு. எட்டு மாதமும் அந்த வண்டி பார்த்த வேலை இவ்வளவுதான்.

ஒருநாள் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். இந்த வண்டியில் ஆயில் பார்க்கும் குச்சியே கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "குறையலன்னு சந்தோஷப்படாதீங்க சார். ஏறியிருக்கு."

யாரும் ஊற்றாமல் இன்ஜின் ஆயில் எப்படி ஏறும்?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் டீசலும் காற்றும் சரியாகக் கலக்காத மூலைகளில் அரைகுறையாக எரிந்து கரித்தூள் மிஞ்சும். முன்பு அந்தக் கரி பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் முகத்துக்குப் போனது. 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்த பிறகு அதைப் பிடித்துவைக்க டீசல் கார்களின் புகைப்பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. செராமிக்கால் செய்த தேன்கூடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு அறையும் ஒரு முனையில் அடைபட்டிருப்பதால், புகை சுவரிலுள்ள நுண்துளைகளுக்குள் நுழைந்துதான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும், டிகாஷன் இறங்கியபின் ஃபில்டரில் காபித்தூள் தங்குவதைப் போல.

காபி ஃபில்டரைத் தினமும் தட்டிக் கழுவிவிடலாம். இதைக் கழற்றாமலே சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் உள்ளேயே எரிக்கிறார்கள். அந்தக் கரி எரிந்து தீர 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் வண்டியில் புகை நன்றாகச் சூடேறிக் கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கரையும். நேரு வீதியில் ஊர்ந்து போகும் வண்டியில் புகையின் சூடு இருநூறு டிகிரியைத் தாண்டினாலே பெரிது. அதனால் கரி சேர்ந்ததும் காரின் கம்ப்யூட்டர் ஒரு தந்திரம் செய்கிறது. சிலிண்டருக்குள் எரிந்து முடிந்த பிறகு, தாமதமாக, இன்னும் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். அது அங்கே எரியாமல் புகையோடு போய், வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வினையூக்கியில் எரிந்து, வடிகட்டியையே அடுப்பாக்கும். இதற்கு நிறுத்தாமல் பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும்.

மச்சானின் கடை வீட்டிலிருந்து ஏழு நிமிடம்.

பாதியில் அணைத்தால் வேலை கெட்டது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே ஆயிலில் இறங்கும். பெட்ரோலாக இருந்தால் இன்ஜின் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். டீசலின் கொதிநிலை 180 டிகிரியில் தொடங்கி 350 வரை போவதால் அது எளிதில் கிளம்பாது, தங்கிவிடும். ஏறியிருந்தது ஆயில் இல்லை, டீசல். கீழே வடித்த ஆயிலை மெக்கானிக் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக் காட்டினார். தண்ணீராக ஓடியது, பங்க் வாடை அடித்தது.

நீர்த்த ஆயில் முதலில் அடிப்பது, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவை. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேலே சுழலும், அதாவது நொடிக்கு 2,500 சுற்று. அது மிதப்பது சில மைக்ரான் கனமுள்ள ஆயில் படலத்தின் மேல். நம் தலைமுடியின் கனமே 70 மைக்ரான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். படலம் கிழிந்தால் தண்டு தள்ளாடும், சீல் போகும், ஆயில் புகைப்பாதையில் கசியும், அதுவும் போய் டிபிஎஃப்பை அடைக்கும். எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து நிற்கிறோம். (கசியும் ஆயில் காற்றுப்பாதைப் பக்கம் போனால் இன்னும் மோசம். இன்ஜின் அதையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் கத்திக்கொண்டே ஓடும். பக்கத்தில் நின்று பார்க்கிற காட்சி இல்லை அது.) வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினும் இதே ஆயிலை நம்பித்தான் ஓடுகிறது. சில ஜெர்மன் டீசல் இன்ஜின்களில் அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம் ஒளிந்திருக்கிறது. செயின் விலை பெரிதில்லை, அதைத் தொடுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்குகிற கூலிதான் ஆளை விழுங்கும்.

மச்சான் முதலில் போன ஒரு சர்வீஸ் சென்டரில் டிபிஎஃப், டர்போ இரண்டையும் மாற்ற நான்கு லட்சம் சொல்லியிருந்தார்கள். கேட்டதும் கொள்ளை என்றுதான் தோன்றியது. ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 50 லட்ச வண்டி ஐந்து வருடத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதன் டர்போவோ இன்னமும் 50 லட்ச வண்டியின் டர்போதான்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் அழுத்தம். இன்ஜெக்டருக்குள் டீசல் 2,000 பார் அழுத்தத்தில் நிற்கும். ஒரே எரிப்புக்குள் பலமுறை திறந்து மூட வேண்டும். எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும் ஒன்றைப் போல இன்னொன்று அமையாது என்பதால், ஆலையிலேயே ஒவ்வொன்றையும் சோதித்து, அதன் குணத்தை ஒரு திருத்தக் குறியீடாக அதன் தலையில் பொறித்துவிடுகிறார்கள். மாற்றும்போது அந்தக் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஸ்பேனர் மட்டும் வைத்திருக்கும் பட்டறையில் இது ஆகாது.

புதுச்சேரிக்கென்று சில தொல்லைகளும் உண்டு. சாலை வரி குறைவு என்பதால் வெளிமாநில ஆடம்பரக் கார்கள் இங்கே பதிவாவது பழைய கதை. 2017-ல் கேரளத்தில் இது வழக்கு வரை போனது. ஆகவே பி.ஒய். எண் இருந்தால் அது புதுச்சேரியில் ஓடிய வண்டி என்று அர்த்தமில்லை. அப்புறம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் கரை மீறியது. இந்த வகைக் கார்கள் பலவற்றில் எலெக்ட்ரானிக் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் இருக்கும். கார்ப்பெட் காய்ந்துவிடும், உள்ளே கனெக்டரில் ஏறிய பச்சைத் துரு காயாது. வாங்குமுன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

கூடவே, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஆளை அழைத்துப் போங்கள். டிபிஎஃப்பில் எவ்வளவு கரி, கடைசியாக எப்போது எரித்து முடித்தது, எல்லாம் அதில் தெரியும். இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனி பாட்டில்களில் விட்டுப் பார்த்தால், எதில் டீசல் அதிகம் சேர்கிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. செலவே இல்லாத சோதனை இது. டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி தப்பு, தெருவுக்கும் தப்பு.

நான்கு லட்சம் செலவாகவில்லை. டர்போவில் ஆட்டம் இல்லை என்று மெக்கானிக் பார்த்துச் சொன்னார். ஆயிலை மாற்றி, ஸ்கேனர் மூலம் கட்டாயப்படுத்திக் கரியை எரிக்கவைத்தார். இனி கம்பெனி சொல்லும் 15 ஆயிரம் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் ஏழாயிரத்துக்கே ஆயில் மாற்றச் சொன்னார். மச்சான் இப்போது ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய்த் திரும்புகிறான். கடைக்குப் போவது பழைய ஸ்கூட்டரில்.