கணுக்கால் உடைந்தால் ஜவ்வைப் பற்றியும் கேளுங்கள்

"பாதம் ஊன்றி நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு." கணுக்கால் உடைந்து வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் சொல்வார்கள். மழையில் நனைந்த அடுக்குமாடி புளோக் படிக்கட்டாக இருக்கும், வேலையிடத்துச் சாரக்கட்டின் கடைசிப் படியாக இருக்கும், இல்லையென்றால் வீட்டுக்குக் கீழே உள்ள பந்துத் திடல். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அடுத்த கேள்வி, "சின்ன கிராக்தானே டாக்டர்?" என்பது. அந்தக் கேள்விக்கு எக்ஸ்ரே பதில் சொல்லிவிடும். ஜவ்வு எவ்வளவு தூரம் கிழிந்திருக்கிறது என்பதற்கு முதல் நாள் எக்ஸ்ரே பல நேரம் பதில் சொல்லாது. கட்டா, ஆபரேஷனா என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான் முடிவு செய்கிறது.

ஸ்பேனர் வாயில் நட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டு என்பது பாதத்தின் மேல் எலும்பான தாலஸ். ஸ்பேனரின் உள்பக்கத் தாடை, கீழ்க்காலின் பெரிய எலும்பான திபியாவின் அடிமுனையில் புடைத்திருக்கும் முண்டு. வெளிப்பக்கத் தாடை, அதன் பக்கத்தில் ஓடும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் முண்டு. இந்தத் தாடைகள் அகன்றுபோகாமல் பிடித்திருப்பவை ஜவ்வுகள். உள்பக்கத்தில் விசிறிபோல் விரியும் டெல்டாயிட் ஜவ்வு இருக்கிறது. அதற்கு மேல்அடுக்கு, ஆழ்அடுக்கு என்று இரண்டு அடுக்குகள். தாலஸை வெளியே நகரவிடாமல் பிடிப்பதில் ஆழ்அடுக்குக்கே பெரிய பங்கு. திபியாவையும் ஃபிபுலாவையும் கணுக்காலுக்குச் சற்று மேலே முன்னும் பின்னும் நடுவிலும் கட்டியிருக்கும் தொகுப்புக்கு சிண்டெஸ்மோசிஸ் என்று பெயர். சாதாரணச் சுளுக்கில் அடிபடுவது வெளிமுண்டுக்குக் கீழே உள்ள ஜவ்வுகள். அவற்றின் கதை வேறு, இங்கே அதற்குள் போகவில்லை.

பாதம் ஊன்றி உடம்பு திரும்பும்போது விசை கணுக்காலைச் சுற்றி ஒரு வரிசையில் போகிறது. முதலில் முன்பக்க சிண்டெஸ்மோசிஸ் ஜவ்வு கிழியும். அடுத்து ஃபிபுலா சாய்வாக உடையும். மூன்றாவதாகப் பின்பக்க ஜவ்வு கிழியும், அல்லது அது ஒட்டியிருக்கும் திபியாவின் பின்விளிம்பு பெயரும். கடைசியாக உள்பக்கம் போகும்: முண்டு உடையும், அல்லது டெல்டாயிட் கிழியும். டென்மார்க்கைச் சேர்ந்த லாகே-ஹான்சன் 1950-ல் விவரித்த வரிசை இது. எல்லா முறிவும் இதற்கு அப்படியே அடங்குவதில்லை. ஆனாலும் அன்றாட வேலைக்கு இதைவிட உதவும் வழிகாட்டி குறைவு. விசை இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிட்டால் கணுக்கால் நிலையாக இருக்கும், கணுக்காலை அசையாமல் பிடிக்கும் மருத்துவ பூட் போட்டு நடந்தே ஆறிவிடும். நான்காம் கட்டம்வரை போய் டெல்டாயிட் முழுதாகக் கிழிந்திருந்தால் நட்டு ஸ்பேனருக்குள் ஆடும். சிக்கல் என்னவென்றால், படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். ஃபிபுலாவில் ஒரு சாய்ந்த கோடு, மற்றதெல்லாம் அதனதன் இடத்தில்.

தாலஸ் 1 மி.மீ. வெளியே நகர்ந்தாலே எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976-ல், இறந்தவர்களின் கால்களில் செய்த சோதனை காட்டியது. பின்னால் வந்த சோதனைகளில் இந்த அளவு குறைவாகவே வந்தது, ஆனால் திசை மாறவில்லை: தொடும் இடம் சுருங்கினால் அங்கே அழுத்தம் கூடும், குருத்தெலும்பு தேயும். இடுப்பு, முழங்கால் மூட்டுகள் பெரும்பாலும் வயதால் தேய்கின்றன. கணுக்கால் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் பழைய காயமே காரணம்.

உள்பக்கம் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஜவ்வு நன்றாக இருந்தும் உள்பக்கம் வீங்கி வலிப்பவர்கள் உண்டு. முழுதாகக் கிழிந்தும் அவ்வளவாக வலிக்காதவர்களும் உண்டு. நீரிழிவால் பாத நரம்பு மரத்துப்போனவருக்கு வலியை வைத்து எதுவுமே சொல்ல முடியாது. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஃபிபுலாவை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உள்பக்க ஜவ்வும் சிண்டெஸ்மோசிஸும் கிழிந்து, விசை மேலேறி, ஃபிபுலா முழங்காலுக்குக் கீழே உடைவது உண்டு. இதற்கு மேசன்னூவ் முறிவு என்று பெயர். கணுக்கால் எக்ஸ்ரேயில் எலும்பு உடையாததுபோல் இருக்கும், "சுளுக்குதான்" என்று பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிடுவார்கள். உள்பக்கம் நன்றாக வீங்கியிருந்தும் கணுக்கால் எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை என்றால், "முழங்கால்வரை ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

எக்ஸ்ரேயில் மூன்று கோணங்கள் தேவை: நேர், பக்கவாட்டு, பிறகு காலை 15 முதல் 20 பாகை உள்பக்கம் திருப்பி எடுக்கும் மார்ட்டிஸ் படம். மூன்றாவதில்தான் தாலஸுக்கும் உள்முண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளப்போம். 4 மி.மீ.க்குள், மேலே திபியாவுக்கும் தாலஸுக்கும் உள்ள இடைவெளிக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தால் சரி. மூட்டுக்கு 1 செ.மீ. மேலே திபியாவுக்கும் ஃபிபுலாவுக்கும் உள்ள இடைவெளி 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்த அளவுகளைக் கெடுப்பது படம் எடுக்கும் விதம். வலி தாங்காமல் பாதத்தைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் தாலஸின் குறுகிய பின்பகுதி தாடைகளுக்கு நடுவே வந்துவிடும், ஜவ்வு நன்றாக இருந்தாலும் உள்இடைவெளி அகன்று தெரியும். அதனால்தான் ரேடியோகிராபர் "பாதத்தை மேலே தூக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். வலித்தாலும் அந்த அரை நிமிடம் ஒத்துழையுங்கள்.

படத்தில் எல்லாம் சரியாக இருந்து, ஃபிபுலா மட்டும் சிண்டெஸ்மோசிஸ் மட்டத்தில் உடைந்திருந்தால் (வெபர் பி என்பது இதுதான்) அடுத்த வேலை மூட்டுக்குச் சுமை கொடுத்துப் பார்ப்பது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. புவியீர்ப்புப் படத்துக்கு, அடிபட்ட பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, கெண்டைக்காலின் கீழ்ப்பாதியை மேசை விளிம்புக்கு வெளியே விடவேண்டும். பாதத்தின் சொந்த எடையே அதை வெளிப்பக்கம் இழுக்கும். யாரும் காலைப் பிடித்து முறுக்கத் தேவையில்லை. உள்இடைவெளி 5 மி.மீ. அளவுக்கோ அதற்கு மேலோ திறந்தால் சந்தேகம். இந்தப் படம் சில நேரம் இல்லாத ஆட்டத்தையும் காட்டிவிடும். டெல்டாயிட்டின் ஓர் அடுக்கு தாங்கிக்கொண்டிருந்தாலும் இடைவெளி சற்றுத் திறக்கும்.

இரண்டாவது, நின்றபடி எடுப்பது. வீக்கம் கொஞ்சம் வடிந்தபின், ஏறக்குறைய ஒரு வாரத்தில், பூட்டைக் கழற்றி முடிந்த அளவு எடையைக் காலில் போட்டு எடுப்பார்கள். உடம்பின் எடை தாலஸைக் குழிக்குள் அமுக்குவதால் மூட்டு நிஜ வாழ்க்கையில் எப்படி நடந்துகொள்ளும் என்பது இதில் தெரியும். நின்ற படத்தில் நேராக இருக்கும் பல முறிவுகள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகச் சேர்கின்றன. எங்கள் கருத்தில், வெபர் பி முறிவில் அவசரப்பட்டுப் பிளேட் வைப்பதைவிட இந்த ஒரு வாரம் பொறுப்பது நல்லது. முதல் படத்திலேயே தாலஸ் விலகியிருப்பவருக்கும், உள்ளும் வெளியும் இரண்டு முண்டும் உடைந்தவருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. அவர்களை நிற்கச் சொல்லக் கூடாது.

"எம்ஆர்ஐ எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடுமே?" என்று கேட்பார்கள். கிழிசல் தெரியும். மிச்சமிருக்கும் நார் மூட்டைத் தாங்குமா என்பது அசையாமல் படுத்து எடுத்த படத்தில் தெரியாது. சிடி வேறு வேலைக்கு: பின்விளிம்பில் பெயர்ந்த துண்டின் அளவையும், ஃபிபுலா தன் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதையும் அது காட்டும். இரண்டு கணுக்காலையும் சேர்த்து எடுத்தால்தான் பலன். ஆளுக்கு ஆள் அளவு மாறும், உங்கள் நல்ல காலே உங்களுக்கு அளவுகோல்.

ஏமாற்றும் முறிவு ஒன்று உண்டு. உள்முண்டின் முன்நுனியில் சிறு துண்டு மட்டும் பெயர்ந்திருக்கும். அதை ஸ்குரூவால் பிடித்தால் உள்பக்கம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் முன்நுனியில் ஒட்டியிருப்பது டெல்டாயிட்டின் மேல்அடுக்கு. ஆழ்அடுக்கு அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, அது தனியே கிழிந்திருக்கலாம். ஆகவே எலும்பைப் பொருத்திய பிறகும் ஆபரேஷன் அறையிலேயே பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியும், ஃபிபுலாவைக் கொக்கியால் இழுத்தும் எக்ஸ்ரே திரையில் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன், "பிளேட் வைத்தபின் சிண்டெஸ்மோசிஸைச் சோதிப்பீர்களா?" என்று நீங்களே கேட்கலாம்.

வீக்கத்தின் மேல் தைலம் போட்டு உருவ வேண்டாம். சிங்கப்பூர் தேக்கா கடைகளில் வாங்கியதோ ஊரிலிருந்து வந்ததோ, எண்ணெயால் கெடுதல் இல்லை. உருவும் கை விலகாத முறிவை விலக்கிவிடும். மேல்தோல் கொப்பளித்தால் ஆபரேஷனும் தள்ளிப்போகும்.

வேலையிடத்தில் அடிபட்ட தம்பிகளுக்கு ஒன்று. ஒரு வாரத்தில் வலி குறைந்துவிடும், சூப்பர்வைசர் "லைட் டியூட்டிக்கு வா" என்பார், இரண்டாவது எக்ஸ்ரே தேதி தவறிப்போகும். ஜவ்வுக் காயம் பிடிபடுவதே அந்த இரண்டாவது படத்தில்தான். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), எக்ஸ்ரே அறிக்கை எல்லாவற்றுக்கும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வுக் காயம் உறுதியானால் அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். வேலைக் காய இழப்பீட்டுக்கு மதிப்பிடும்போது "ஃபிபுலா முறிவு" என்ற ஒற்றை வரி போதாது.

கட்டுப் பிரித்து மூன்று மாதம் ஆகியும் படி இறங்கும்போது கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் குத்துகிறதா, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க முடியவில்லையா? "எலும்பு சேர்ந்தாச்சு" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். இரண்டு கணுக்காலையும் நின்றபடி ஒரே படத்தில் எடுத்து, உள்இடைவெளியை ஒப்பிட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள்.