கம்பளி போர்த்தின வீடு வெந்துடாதா?

"கம்பளி போர்த்தினா உடம்பு சூடாகுதே, அப்போ வீட்டுக்கு இன்சுலேஷன், அதாவது சூட்டத் தடுக்குற அடுக்கு, போட்டா வெயில்ல உள்ள வெந்துட மாட்டோமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. ரொம்ப நல்ல கேள்விங்க இது. ரெண்டு ஐஸ் கட்டி எடுத்து ஒண்ண சும்மா தட்டுல வைங்க, இன்னொண்ண கம்பளில சுத்தி வைங்க, சுத்தினதுதான் கடைசில கரையும். கம்பளிக்குன்னு சொந்தமா சூடு கிடையாது, சூடு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போறத மெதுவாக்குது, அவ்ளோதான்.

சூடு நகர்ற மூணு வழி, கடத்தல், வெப்பச்சலனம், கதிர்வீச்சு எல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, நேரா எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்துடறேன். கண்ணாடி இழைப் பஞ்சு, தெர்மோகோல், கம்பளி எல்லாத்துலயும் நிஜமா வேலை பாக்குறது காத்துதான். அசையாத காத்தோட வெப்பக் கடத்துத்திறன் (சூட்ட எவ்ளோ சுலபமா கடத்துதுங்கற அளவு, குறைஞ்சா நல்லது) சுமார் 0.025, கண்ணாடிக்கு 1 கிட்ட வரும், ஆனா அதே கண்ணாடிய முடிய விட மெல்லிசா இழுத்துப் பஞ்சாக்கினா 0.04க்கு இறங்கிடுது! ஏன்னா அந்தப் பஞ்சுல முக்காவாசிக்கும் மேல காத்து.

அப்போ ரெண்டு சுவருக்கு நடுவுல அகலமா இடைவெளி விட்டா போதாதா? போதாது. சூடான பக்கத்துக் காத்து லேசாகி மேல ஏறும், குளிர்ந்த பக்கத்துல கீழ இறங்கும், இப்படியே சுத்திச் சுத்தி சூட்ட சுமந்துட்டுப் போயிடும். இழைங்க அந்தக் காத்த சின்னச் சின்ன சந்துல அடைச்சு நகர விடாம பிடிச்சு வைக்குது. குளிர்ல பறவை இறக உப்பிக்கிட்டு பந்து மாதிரி உக்காந்திருக்கும்ல, அதுவும் இதேதான்.

1931ல சாமுவேல் கிஸ்ட்லர்ங்கற அமெரிக்க விஞ்ஞானி ஏரோஜெல்னு துளை நிறைஞ்ச, ரொம்ப லேசான ஒரு திடப்பொருள் செஞ்சார், அதோட துளைங்க சில பத்து நானோமீட்டர்தான் (மில்லிமீட்டர பத்து லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). காத்து மூலக்கூறு ஒண்ணு இன்னொண்ணு மேல மோத சராசரியா 70 நானோமீட்டர் கிட்ட போகணும், அதுக்குள்ள துளையோட சுவர்லயே முட்டிக்கும், சூட்ட கைமாத்தி விட ஆளே கிடைக்காது! அதனால அசையாத காத்தையே மிஞ்சி சூட்டத் தடுக்குது. விலைதான் ஜாஸ்தி, இத மலிவாக்குற ஆராய்ச்சிக்கு அரசுகள் இன்னும் நெறைய பணம் ஒதுக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

வீட்டுக்கு வருவோம். கான்கிரீட் கூரை பகல் பூரா சூட்டக் குடிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி தூங்குற நேரத்துல நம்ம தலைல இறக்கும். கூரைக்கு மேல்பக்கம் இன்சுலேஷன் போட்டா கான்கிரீட்டுக்கு அந்த சூடு போய்ச் சேர்றதே குறைஞ்சிடும், ஏசி மோட்டாரும் விட்டு விட்டு ஓடும், குளிர் காலத்துல ஹீட்டருக்கும் இதே கணக்கு. ஒண்ணே ஒண்ணு, பஞ்ச அமுக்கி நெருக்காதீங்க, அது மேல தண்ணி புகாத அடுக்கு இல்லாம விடவே விடாதீங்க. தண்ணியோட கடத்துத்திறன் 0.6, காத்த விட 24 மடங்கு, காத்து இருந்த சந்துல தண்ணி ஏறிட்டா அப்புறம் அது இன்சுலேஷனே இல்ல, வெறும் ஈரப் பஞ்சு.