அமெரிக்கச் சிறைக் கைதியின் ஆட்கொணர்வு மனு: ஓராண்டுக் கெடுவை எப்படிக் கணக்கிடுவது?

ஆட்கொணர்வு மனு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, காவல்துறை பிடித்துப்போன ஆளை ஆஜர்படுத்தச் சொல்லும் வழக்கு. அமெரிக்காவில் அந்த மனுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாநில நீதிமன்றம் தண்டித்த கைதி, அந்தத் தண்டனை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ஃபெடரல் (மத்திய அரசின்) மாவட்ட நீதிமன்றத்தில் முறையிடுவது இதன் மூலம்தான் (அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 28, 2254-ஆம் பிரிவு). கட்டணம் 5 டாலர். கையில் காசில்லை என்றால் விலக்குக் கேட்கலாம். 1996 ஏப்ரலில் வந்த சட்டம் இதற்கு ஓராண்டுக் கெடு வைத்தது.

கெடு பெரும்பாலும் தண்டனை இறுதியான நாளிலிருந்து ஓடும். நேரடி மேல்முறையீட்டை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தால், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு. போகாவிட்டாலும் அந்த 90 நாள் கழிந்த பிறகே ஓராண்டு தொடங்கும். மாநில உச்ச நீதிமன்றம் வரை போகாதவருக்கு இந்த 90 நாள் கிடையாது. அங்கே போவதற்கான அவகாசம் தீர்ந்த நாளே கணக்கு.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். நேரடி மேல்முறையீடு முடிந்தபின் மாநிலத்திலேயே இன்னொரு நிவாரண மனு போட்டால், அது நிலுவையில் இருக்கும்வரை கடிகாரம் நிற்கும். நிற்குமே தவிர, முதலிலிருந்து தொடங்காது. 300 நாள் ஓடிய பிறகு போட்டிருந்தால், அது முடிந்ததும் மிச்சம் 65 நாள்தான். மாநிலக் கெடுவைத் தாண்டிப் போட்ட மனு கடிகாரத்தை நிறுத்தவே நிறுத்தாது. ஃபெடரல் மனு நிலுவையில் இருப்பதாலும் அது நிற்காது. மாநில வழிகளை முடிக்காமல் அவசரப்பட்டு ஃபெடரல் நீதிமன்றம் போனவர், மனு திருப்பப்படும்போது ஆண்டு முடிந்திருப்பதைக் காண்கிறார். அப்படிப்பட்டவர் தள்ளுபடிக்கு முன்பே, மனுவை நிறுத்திவைக்கும்படி தக்க காரணத்தோடு கேட்க வேண்டும்.

கெடு தாண்டிய பிறகும் சில வாசல்கள் உண்டு, எல்லாம் குறுகியவை. விடாமுயற்சியோடு இருந்தும் அசாதாரணமான தடை குறுக்கிட்டது என்று காட்டினால் நீதிமன்றம் தளர்வு தரலாம் (ஹாலண்ட் வழக்கு, 2010). வக்கீல் தேதியைத் தப்பாக எண்ணியது போதாது; கட்சிக்காரரை அடியோடு கைவிட்டது போதலாம். சட்டம் தெரியாது, ஆங்கிலம் சரியாக வராது என்று மட்டும் எழுதினால் பொதுவாக எடுபடாது. எந்தத் தேதியில் யாருக்குக் கடிதம் எழுதினார், என்ன பதில் வந்தது என்று தாள்களோடு காட்ட வேண்டும். குற்றமே செய்யவில்லை என்பதற்குப் புதிய ஆதாரம் இருந்தால், கெடுவே தடையாகாது (பெர்கின்ஸ் வழக்கு, 2013). ஆனால் அதைப் பார்த்த பிறகு நியாயமான எந்த ஜூரியும் தண்டித்திருக்க மாட்டார் என்னும் அளவுக்கு அது வலுவாக இருக்க வேண்டும். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலம் கடத்தினால் அதன் நம்பகத்தன்மை குறையும்.

கெடு நெருங்கினால், மனு நீதிமன்றம் போய்ச்சேரும் நாளை எண்ணிப் பதற வேண்டாம். சிறை அலுவலரிடம் தபாலுக்குக் கொடுத்த நாளே தாக்கல் நாள். சிறையில் வழக்குத் தபாலுக்கென்று தனி ஏற்பாடு இருந்தால் அதன் வழியாகவே அனுப்ப வேண்டும். கொடுத்த தேதியையும் தபால்தலை ஒட்டியதையும் குறித்து, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியுடன் கையெழுத்திட்டு இணைப்பது அவசியம்.