ஒரே ஏளனம், ஆளுக்கொரு எதிர்வினை

கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒருவருடைய வேலையை ஏளனம் செய்வது, தேவையான தகவலை அவருக்கு மட்டும் சொல்லாமல் விடுவது, முடிக்கவே இயலாத கெடுவை விதிப்பது ஆகியவை தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றக்கூடும். இவை வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடரும்போதுதான் பணியிடக் கொடுமை ஆகின்றன என்று, 1980களில் ஸ்வீடனில் இத்துறை ஆய்வுக்கு அடித்தளமிட்ட உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் வரையறுத்தார்.

இதற்கு ஆளாகும் இருவரில் ஒருவர் எழுத்து மூலம் முறையிடுகிறார்; மற்றவர் வாய் திறக்காமல் தூக்கத்தை இழக்கிறார். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸின் விளக்கப்படி, நிகழ்வுக்கும் எதிர்வினைக்கும் நடுவே மனம் இரண்டு மதிப்பீடுகளைச் செய்கிறது: இது எனக்குத் தீங்கானதா, இதற்கு என்னால் என்ன செய்ய முடியும்? ஆளுமை இந்த இரண்டிலும் புகுந்து வேலை செய்கிறது. எளிதில் கலங்கும் இயல்புடையவர் அச்சுறுத்தலை விரைவாக உணர்கிறார். தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கும் விரைவாக வந்து, நடந்ததையே மனத்தில் அசைபோடுகிறார். கலகலப்பாகப் பழகுபவர் சக ஊழியர்களிடம் பேசி ஆதரவு தேட முனைகிறார்.

பொறுப்புணர்வு மிக்கவரின் நிலைதான் எனக்கு மிகவும் சிக்கலானதாகப் படுகிறது. தம் வேலையில் உண்மையிலேயே குறை இருக்குமோ என்று ஐயுற்று இன்னும் கடுமையாக உழைக்கும் அவர், குறை வேலையில் இல்லாதபோது, தீராத ஒரு கணக்கைத் தீர்க்க முயல்பவராகிவிடுகிறார். எந்த இயல்புடையவராயினும், கொடுமை செய்பவர் மேலதிகாரியாக இருந்தால் ஆளாகுபவர் செய்யக்கூடியவை சுருங்கிவிடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் 'பாதிக்கப்படுவதற்கென்றே ஓர் ஆளுமை' உண்டா? நார்வே ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதிக்கப்பட்டோர் சராசரியில் கூடுதல் பதற்றமுடையவர்களாகத் தெரிந்தாலும், அவர்களில் 64 விழுக்காட்டினரின் ஆளுமை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடவில்லை. எஞ்சியவர்களிடம் காணப்பட்ட பதற்றமும் பிறவி இயல்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; நீடித்த கொடுமையே ஒருவரைக் கலக்கமுற்றவராகவும் யாரையும் நம்பாதவராகவும் மாற்றக்கூடும். கொடுமை தொடங்கிய பிறகு ஒரே ஒரு முறை நிரப்பப்படும் ஆளுமை வினாப்பட்டியலால் காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே, ஓராண்டுக் கொடுமைக்குப் பின் ஊழியரின் கோப்பில் 'எளிதில் பதறுபவர்' என்று எழுதும் அதிகாரி, அந்த அலுவலகம் அவருக்குச் செய்ததையே அவருடைய இயல்பாகக் குறித்துக்கொண்டிருக்கலாம்.