ஒரே பைனரி எல்லா லினக்ஸிலும் ஓடுமா?

புதிய கணினியில் கம்பைல் செய்த, அதாவது மூலநிரலிலிருந்து கணினி நேரடியாக ஓட்டும் பைனரியாக மாற்றிய, நிரலைப் பழைய சர்வரில் ஓட்டினால், பெரும்பாலான லினக்ஸ் கணினிகளின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தியோடு அது நின்றுவிடும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு இதில் பங்கில்லை. பழைய நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸ் கெர்னலில் கண்டிப்பான விதி. சிக்கல், நிரலுக்கும் கெர்னலுக்கும் நடுவே நிற்கும் நூலகங்களில், அதாவது நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்புகளில், இருக்கிறது.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்காக 1988இல் வந்த போசிக்ஸ் தரம் மூலநிரலுக்கு மட்டுமே உறுதி தந்தது: எந்தச் செயற்கூறு இருக்கும், அது என்ன செய்யும் என்று சொன்னது. ஒவ்வோர் இயங்குதளத்திலும் மறுபடி கம்பைல் செய்துகொள்ள வேண்டியதுதான். மூலநிரலைத் தராமல் பைனரியை மட்டும் விற்கும் நிறுவனங்களுக்கு இது போதவில்லை. ஒரு பைனரி ஓட, நூலகக் கோப்பின் பெயர், தரவுக் கட்டமைப்பின் அளவு, அளபுருக்கள் செயலியின் எந்த ரெஜிஸ்டரில் போகின்றன என்பது வரை எல்லாம் பொருந்த வேண்டும்.

1994இல் கோப்புகள் எந்த அடைவில் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு தரம் உருவானது. அதுதான் பின்னர் எஃப்ஹெச்எஸ் ஆனது. பைனரி பொருத்தத்தை நேரடியாகக் கையிலெடுத்தது 2001இல் வெளியான லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் 1.0, சுருக்கமாக எல்எஸ்பி. எந்தெந்த நூலகங்கள் இருக்க வேண்டும், அவற்றில் எந்தச் செயற்கூறு எந்தப் பதிப்பில் இருக்க வேண்டும் என்று அது பட்டியல் போட்டது. மென்பொருள் பொதிக்கு ஆர்பிஎம் வடிவத்தைத் தேர்ந்தது. நிரலையும் அதன் நூலகங்களையும் நினைவகத்தில் ஏற்றும் லோடருக்கு, எல்எஸ்பி நிரல்களுக்கென்று தனிப் பெயரையும் வைத்தது. அந்தப் பெயரில் கோப்பு இல்லாத கணினியில் நிரலை ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வரும். நிரல் கண்முன்னே இருக்கும்போதே இப்படி வருவதால் பலரும் குழம்பினார்கள். கெர்னல் தேடியது லோடரை.

2006இல் எல்எஸ்பியின் மையப் பகுதி ஐஎஸ்ஓ 23360 என்ற உலகத் தரமாகவும் ஆனது. ஆனால் தரம் எழுதி முடிப்பதற்குள் நூலகங்கள் நகர்ந்துவிட்டன. அதிகம் அடிபட்டது சி++. 2004இல் ஜிசிசி கம்பைலரின் 3.4 பதிப்பு வந்தபோது அதன் சி++ நூலகம் எண் 5இலிருந்து 6க்கு மாறியது. பழைய பைனரிகள் புதிய நூலகத்தோடு இணையவில்லை. வரைகலை நூலகங்களிலும் இதே கதைதான். 2015இல் வெளியான எல்எஸ்பி 5.0, கியூட்டி 3 என்ற வரைகலை நூலகத்தைக் கைவிட்டு, முந்தைய பதிப்புகளோடான பொருத்தத்தையும் முறித்துக்கொண்டது. அதே ஆண்டு டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் (கெர்னலும் மென்பொருள்களும் சேர்ந்த தொகுப்பு) எல்எஸ்பி ஆதரவின் பெரும்பகுதியை நீக்கியது. விற்பனையாளர்கள் எல்எஸ்பிக்காக நிரல் எழுதாமல், இரண்டு மூன்று பெரிய வழங்கல்களில் சோதித்துவிட்டு நிறுத்திக்கொண்டதே இதற்கு முக்கியக் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

பொருத்தத்தை உண்மையில் தாங்கி நிற்பது, ஒவ்வொரு செயற்கூறும் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று ஜிலிப்சி இடும் பதிப்புக் குறிகள். நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்றின்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது சி மொழியின் விதி. சில நிரல்கள் விதியை மீறியும் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தன. வேகத்துக்காக நகலெடுக்கும் திசையை மாற்றியதும் ஃபிளாஷ் பிளேயரில் ஒலி சிதைந்தது. 2011இல் ஜிலிப்சி 2.14 இதற்குத் தீர்வு கண்டது: 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில், 2.2.5 குறியிட்ட பழைய மெம்காப்பி பாதுகாப்பான முறையில் நகலெடுக்கும். புதிதாகக் கம்பைல் செய்பவை 2.14 குறியிட்ட வேகமான வடிவத்தைப் பெறும். இரண்டும் ஒரே நூலகத்துக்குள் இருக்கின்றன. காகிதத்தில் எழுதிய எந்தத் தரத்தையும்விட இந்த ஏற்பாடு உறுதியானது.

ஆனால் இது ஒருவழிப் பாதை. பழைய பைனரி புதிய ஜிலிப்சியில் ஓடும். புதிய பைனரி பழையதில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. 2021இல் வந்த 2.34, நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறுக்கே புதிய குறி கொடுத்தது. எனவே அதனோடு வழக்கமான முறையில் இணைத்த மிகச் சிறிய நிரலும் 2.34ஐக் கேட்கும். புதிய ஜிலிப்சி கோப்பை மட்டும் பழைய கணினியில் கொண்டுபோய் வைப்பது ஆபத்து. லோடரும் அதுவும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட ஓடாது. நூலகங்களை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் ஸ்டாட்டிக் முறையில் எல்லாவற்றையும் இணைத்தாலும், கணினிப் பெயரை முகவரியாக மாற்றும் பகுதி ஓடும் நேரத்தில் ஜிலிப்சியின் பகிர்வு நூலகங்களைத் தேடும்.

பைத்தான் சமூகம் 2016இல் எளிய வழியைப் பிடித்தது. பழைய சென்ட்ஓஎஸ் 5 வழங்கலில், அதாவது ஜிலிப்சி 2.5இல், கம்பைல் செய். மேனிலினக்ஸ்1 என்று முத்திரையிடு. பின்னர் வந்த மேனிலினக்ஸ்2014இன் அடித்தளம் 2.17. இப்போது அந்த எண்ணே முத்திரையின் பெயரில் வருகிறது. ஜிலிப்சிக்குப் பதிலாக மசல் என்ற சி நூலகத்தைப் பயன்படுத்தும் ஆல்பைன் போன்ற வழங்கல்களுக்கு இது பொருந்தாது. அங்கே லோடரின் பெயரே வேறு.

உங்கள் நிரலை ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய வழங்கலின் கன்டெய்னருக்குள் (அந்த வழங்கலின் கோப்புகள் கொண்ட தனித்த சூழலுக்குள்) கம்பைல் செய்யுங்கள். பிறகு பைனரியின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கட்டளையைப் பெரிய டி (-T) விருப்பத்தோடு ஓட்டி, வரும் ஜிலிப்சி குறிகளில் மிக உயர்ந்த எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணுக்குக் கீழான ஜிலிப்சி உள்ள கணினியில் நிரல் தொடங்காது. பதிப்பு எண்களைத் தசமமாகப் படிக்க வேண்டாம்: 2.5ஐவிட 2.17 புதியது.